சென்னை மாநகராட்சிப் பூங்கா: நடக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் பூங்கா சம்பந்தப்பட்ட வேலைகளைப் பார்ப்பவள் நான். காலையில் நாலு சுற்று நடப்பதற்குள் இரண்டு பேராவது நிறுத்திச் சந்தேகம் கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகப் பதில் சொல்லி அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அக்கா, இந்த பார்க் எல்லாம் யாரோடது? கவர்மென்ட்டா, கார்ப்பரேஷனா?

நம் தெருமுனைப் பூங்கா, தி.நகர் பனகல் பூங்கா, லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா எல்லாம் மாநகராட்சியுடையவை. சென்னை மாநகராட்சியின் பூங்காத் துறை இப்படி 700-க்கும் மேற்பட்ட பூங்காக்களைப் பார்த்துக்கொள்கிறது. விளையாட்டுத் திடல்கள், சாலை நடுவே இருக்கும் செடி வரிசைகள், சாலையோர மரங்கள், மெரினா மணல்வெளி எல்லாமே மாநகராட்சியின் பொறுப்பில் வருபவை.

மற்ற பெரிய இடங்களுக்கு ஆள் வேறு. கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா மாநிலத் தோட்டக்கலைத் துறையுடையது. கிண்டி தேசியப் பூங்கா வனத்துறையிடம் இருக்கிறது. சேத்துப்பட்டு பசுமைப் பூங்கா மீன்வளத் துறையிடம், அடையாறு தொல்காப்பியப் பூங்கா சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையிடம். நேரு ஸ்டேடியம் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் வருகிறது. புகார் எழுதும் முன் இதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

செம்மொழிப் பூங்காவுக்கு டிக்கெட் வாங்குறாங்க, நம்ம பார்க் மட்டும் எப்படி ஃப்ரீ?

செம்மொழிப் பூங்கா, உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில் 2010 நவம்பரில் திறந்த தாவரவியல் தோட்டம். துறையும் வேறு, நோக்கமும் வேறு என்பதால் அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. மாநகராட்சியின் சாதாரணப் பூங்காக்களுக்குக் கட்டணம் கிடையாது.

ஃப்ரீ என்று சொல்வதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் கட்டும் சொத்து வரியும் இதில் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களின் வாடகையில் ஒரு பங்கும் அந்த வரிக்குத்தான் போகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை நகராட்சிகளுக்கான 18 வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் அதில் 12-ஆவது. குடிநீரும் குப்பையும் இருக்கிற அதே பட்டியல் அது.

எத்தனை மணிக்குத் திறப்பாங்க? மத்தியானம் ஏன் பூட்டி வைக்கிறாங்க?

காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று மாநகராட்சி அறிவித்திருக்கிறது. சில பூங்காக்களில் நேரம் மாறும். வாயிலில் உள்ள பலகையில் இருப்பதுதான் உங்கள் பூங்காவுக்குப் பொருந்தும் நேரம். பலகையே இல்லையென்றால் முதலில் பலகை கேளுங்கள்.

மத்தியானம் பூட்டுவது பல ஊர்களில் பழைய வழக்கம். குடிக்கிறவர்கள் வருவார்கள், படுத்துத் தூங்குவார்கள் என்று காரணம் சொல்வார்கள். மத்தியான வெயிலில் நிழல் யாருக்குத் தேவை என்று யோசித்துப் பாருங்கள். உணவு டெலிவரி செய்யும் பையன்கள், வீட்டு வேலையை ஒரு வீட்டில் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு மூன்று மணிக்குப் போக வேண்டிய அம்மாக்கள், இரவு ஷிப்ட் முடித்த வாட்ச்மேன்கள். நாமெல்லாம் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் வந்துவிட்டு வீட்டுக்குப் போய் ஃபேன் போட்டுக்கொள்கிறவர்கள். தூங்குமூஞ்சி மரத்து நிழலில் ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்து அரை மணி கண்ணயர்வதால் பூங்கா கெட்டுப்போகாது. அவருக்கும் அது பூங்காதான்.

தண்ணி ஊத்துற அம்மா, கூட்டுற அண்ணன் எல்லாம் கார்ப்பரேஷன் ஸ்டாஃபா?

பெரும்பாலான பூங்காக்களைப் பராமரிப்பது ஒப்பந்ததாரர்கள். தோட்ட வேலை செய்பவரும் காவலாளியும் அவர்களுடைய ஆட்கள். ஒப்பந்தத்தில் என்னென்ன வேலை, எத்தனை ஆள் என்று எழுதியிருக்கும். அதைச் சரிபார்ப்பது மாநகராட்சியின் வார்டு பொறியாளரும் பூங்காத் துறை அலுவலர்களும்.

எங்கள் பூங்காவில் தண்ணீர் ஊற்றும் அம்மா காலை ஐந்தரைக்கு வந்துவிடுவார். ஹோஸ் பைப்பின் நுனியைக் கட்டைவிரலால் பாதி மூடி, நேரே பீய்ச்சாமல் சாரல் மாதிரி விழ வைப்பார். புதிதாக நட்ட செடியின் வேர் மண் கரையாமல் இருக்க அப்படிச் செய்கிறார் என்று எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. இன்ன இடத்தில் இன்ன செடி பிழைக்காது என்பது அவருக்குத் தெரியும். பூங்காவுக்குச் செடி வாங்கித் தர ஆசைப்படுகிறவர்கள் நர்சரிக்குப் போகும் முன் அவரிடம் கேளுங்கள். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், வேலை முடிந்ததும் உட்கார பெஞ்சில் இடம் விடுங்கள்.

ஊஞ்சல் சங்கிலி அறுந்தா யார்கிட்ட சொல்லணும்?

1913-க்குப் போன் போடலாம். நம்ம சென்னை செயலியிலும் பதியலாம். எதில் சொன்னாலும் புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போனது மாதிரி. வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டு நாற்பது பேர் கோப முகம் போடுவது புகார் ஆகாது.

எழுதும் முறையும் முக்கியம். 'பூங்கா மோசம், உடனே கவனிக்கவும்' என்று எழுதினால் வாசிப்பவருக்கு எங்கே போய் என்ன செய்வது என்று தெரியாது. 'இத்தனையாவது வார்டு, இன்ன தெரு பூங்கா, கிழக்கு வாயில் பக்கம் மூன்றாவது ஊஞ்சல், இடது பக்கச் சங்கிலியின் மேல் கொக்கி தேய்ந்திருக்கிறது, குழந்தை விழ வாய்ப்புண்டு' என்று எழுதினால் வெல்டிங் ஆளோடு வருவார்கள். ஒரு புகாரில் ஒரே ஒரு பிரச்சினை எழுதுங்கள். ஊஞ்சல், விளக்கு, எலி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், ஒன்றைச் சரிசெய்ததும் புகாரே முடிந்ததாகிவிடும்.

நாய கூட்டிட்டு வரலாமா?

வாயில் பலகையைப் பாருங்கள். அனுமதி இருந்தாலும் கயிறு கையில் இருக்க வேண்டும், கழிவை எடுக்க ஒரு பை வேண்டும். வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் எடுப்பது கட்டாயம். குழந்தைகள் விளையாடும் மணல் பக்கம் மட்டும் எப்போதும் வேண்டாம்.

எங்க பக்கம் பார்க்கே இல்லையே, மயிலாப்பூர் அண்ணா நகர்னா மட்டும் அழகா இருக்கு?

பழைய சென்னைக்கு உள்ளே, திட்டம் போட்டுக் கட்டிய பகுதிகளில் பூங்காவுக்கு முதலிலேயே இடம் விட்டார்கள். 1920-களில் தி.நகர் உருவானபோது நடுவில் பனகல் பூங்காவை வைத்து அதைச் சுற்றித்தான் சாலைகளைப் போட்டார்கள். 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்போது சேர்ந்த ஊர்கள் பலவும் ஏற்கெனவே வீடு வீடாக வளர்ந்து முடிந்தவை. வடசென்னையின் பழைய தொழிலாளர் குடியிருப்புகளிலோ நெரிசலே முதல் பிரச்சினை.

ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் பசுமை வெளி வேண்டும் என்பது மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டுதல். சென்னை அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் உங்கள் பகுதியில் பூங்கா கட்டாமல் கிடக்கும் பூங்கா நிலம் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது அடுத்த பதிலில்.

ஓ.எஸ்.ஆர்., ஓ.எஸ்.ஆர்.னு பேசிக்கிறீங்களே, அது என்ன?

திறந்தவெளி ஒதுக்கீடு. பெரிய மனையில் வீடு கட்டினாலோ மனைப்பிரிவு போட்டாலோ, கட்டுபவர் பொதுமக்களுக்காக ஒரு பகுதியை விட்டுவிட வேண்டும். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி 3,000 சதுர மீட்டர் வரை இது கிடையாது. அதற்கு மேல் 10,000 வரை, சாலை போக மீதியில் 10 சதவீதம். இடம் தர முடியாதபோது நிலத்தின் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்ட இந்த அளவில் வழி இருக்கிறது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் செல்லாது. நிலமாகவே விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும்.

நம் பூங்காக்களில் நிறைய இப்படி வந்தவைதான். தெருக்கோடியில் முள்வேலி போட்டு, கட்டட இடிபாடு கொட்டிக் கிடக்கும் இடத்தைப் பார்த்தால் யாரோ ஒருவருடைய மனை என்று தாண்டிப் போகாதீர்கள். அந்த மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பூங்கா என்று போட்டிருந்தால், சர்வே எண்ணை வைத்துப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். பார்ப்பதற்குக் காசு இல்லை. தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அது நம் எல்லாருடைய நிலம்.

எங்க அபார்ட்மென்ட் காம்பவுண்டுக்குள்ள இருக்கிற பார்க்குக்கு வெளியாளுங்க வரலாமா? நாங்க மெயின்டனன்ஸ் கட்டுறோமே!

இதைக் கேட்பவர்கள் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்பார்கள். உள்ளே இருப்பது உங்கள் குடியிருப்பின் சொந்தப் புல்வெளியா, ஓ.எஸ்.ஆர். நிலமா என்பதைப் பொறுத்தது பதில். சொந்த இடம் என்றால் அது உங்கள் விருப்பம். தானமாக ஒப்படைத்த நிலம் என்றால் அது உங்களுடையது அல்ல. நீங்கள் புல் வெட்டியிருக்கலாம், விளக்கு போட்டிருக்கலாம், அதனால் பூட்டுப் போடும் உரிமை வந்துவிடாது. பொதுச் சாலையிலிருந்து நேரே உள்ளே வர வழி இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில், விற்கும்போது 'உங்களுக்கே உங்களுக்கான தோட்டம்' என்று காட்டியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் அதை நம்பித்தான் பணம் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அது ஓ.எஸ்.ஆர். முதலில் சண்டை. பிறகு அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முன்னின்று, தெருப்பக்கச் சுவரில் ஒரு சிறிய கேட் வைக்கச் சம்மதிக்க வைத்தார். குடியிருப்புக்கும் பூங்காவுக்கும் நடுவே தனி வேலி. பின்தெருக் குழந்தைகள் இப்போது சாயங்காலம் அங்கே ஆடுகிறார்கள். யாருடைய வீட்டு மதிப்பும் குறைந்ததாகத் தெரியவில்லை. புதிதாக வீடு வாங்கப் போகிறவர்கள், விற்பவர் காட்டும் படத்தைப் பார்க்காமல் அங்கீகரித்த வரைபடத்தைப் பாருங்கள்.

சென்ட்ரல் பக்கம் பூங்கா நகர்னு பேரு, பார்க் ஸ்டேஷன்னு பேரு. பார்க் எங்க இருக்கு?

இருந்தது. 1859-இல் அப்போதைய கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் காலத்தில் 'பீப்பிள்ஸ் பார்க்', மக்கள் பூங்கா என்று 116 ஏக்கரில் உருவாக்கினார்கள். நெரிசலான கறுப்பர் நகரத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எண்ணம். குளங்கள், நடைபாதைகள், பேண்டு வாசிக்க மேடை எல்லாம் இருந்தன. மிருகக்காட்சி சாலையும் அங்கேதான் இருந்தது. 1985-இல் வண்டலூருக்குப் போனதே, அது இங்கிருந்து போனதுதான்.

அப்புறம் அந்த 116 ஏக்கருக்கு என்ன ஆயிற்று? விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடமே வந்தது. பிறகு விளையாட்டரங்கம். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பின் அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம். ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான், எதையும் தப்பு என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கதை எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கெட்ட காரணம் ஒன்றுகூட இல்லாமல், நல்ல காரணங்களாலேயே ஒரு பூங்காவைத் துண்டு துண்டாகத் தின்றுவிட முடியும். மிச்சம் பெரியமேடு மை லேடீஸ் பூங்காவும், ஸ்டேஷன் பலகையில் இருக்கும் பேரும்.

அப்போ நம்ம பார்க்கையும் நாளைக்கு எடுத்துக்கலாமா? தண்ணி டேங்க், ரேஷன் கடைனு ஏதாவது சொல்லி?

நினைத்தபடி எடுக்க முடியாது. தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். உள்ளாட்சி தன் எல்லைக்குள் உள்ள இந்த இடங்களைப் பட்டியலிட வேண்டும், பட்டியலில் உள்ளதை அரசின் முன் அனுமதியில்லாமல் வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். உச்ச நீதிமன்றமும் 1991-இல் பெங்களூர் வழக்கு ஒன்றில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள், அக்கம்பக்கத்துக் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள், அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பு. ஆஸ்பத்திரி நல்ல காரியம்தான், ஆனாலும் பூங்காவைத் தொடாதே என்றார்கள்.

தற்காலிகமாக எடுப்பது நடக்கும். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ வேலைக்காக மூடி, பத்தாண்டுக்கு மேல் கழித்து 2023-இல் திரும்பத் திறந்தார்கள். திரும்பக் கிடைத்தது பெரிய சந்தோஷம். ஆனால் மூடிய வருஷம் பிறந்த குழந்தை ஊஞ்சல் ஆடும் வயதைத் தாண்டிவிட்டது. எனவே வேலை எப்போது முடியும், எத்தனை மரம் போகும், பதிலுக்கு என்ன தருவார்கள் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

ஓரமா சின்னதா ஒரு பிள்ளையார் வெச்சா என்ன தப்பு? நல்லதுதானே?

நானும் தினம் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பூங்கா, தெரு போன்ற பொது இடங்களில் புதிதாக எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமும் அனுமதியின்றிக் கட்டக் கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் ஒரு கல், பிறகு ஒரு தகரக் கூரை, பிறகு உண்டியல், பிறகு டைல்ஸ். மேலே சொன்ன மக்கள் பூங்கா கதை சின்ன அளவில் திரும்ப நடக்கும். ஏற்கெனவே பழைய சந்நிதி இருந்தால் அது வேறு விஷயம், அதைப் பெரிதாக்காமல் இருந்தாலே போதும்.

கிரவுண்டும் பார்க்கும் ஒண்ணா? பசங்க பந்து அடிச்சா பெரியவங்க திட்டுறாங்க.

மாநகராட்சிக் கணக்கில் இரண்டும் வெவ்வேறு. ஆனால் திடல் இல்லாத பகுதியில் பையன்கள் பூங்காவில்தான் ஆடுவார்கள். எங்கள் பூங்காவில் நேரம் பிரித்தோம். மாலை நான்கரை முதல் ஆறு வரை நடுப்புல்வெளி பந்துக்கு, டென்னிஸ் பந்து மட்டும். ஆறு மணிக்கு மேல் நடப்பவர்களுக்கு. எட்டு வடிவ நடைபாதையில் கூழாங்கல் மேல் வெறுங்காலில் நடக்கும் தாத்தாக்கள் முதலில் முறைத்தார்கள். இப்போது அவர்களில் ஒருவர்தான் அம்பயர்.

திடல் என்றதும் பையன்களை மட்டும் நினைக்கிறோம். கண்ணகி நகரில் கபடி ஆடி வளர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியின் துணைத் தலைவி. நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றிய இடம் கண்ணகி நகர். அப்படி ஓர் இடத்தில் பெண்பிள்ளைகள் இறங்கி ஆட மண்தரை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது? உங்கள் பகுதித் திடலில் வாரத்தில் சில மணி நேரமாவது பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரத்தில் ஓரத்தில் அம்மாக்கள் உட்கார நாலு பெஞ்சும் வேண்டும்.

ஃபுட்பால் கிரவுண்டுக்கு மணிக்கு 120 ரூபாய்னு சொன்னாங்களே, அது என்னாச்சு?

2024 அக்டோபர் கடைசியில், செயற்கைப் புல் போட்ட 9 கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, ஆடுபவர் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். உடனே எதிர்ப்பு கிளம்பியது. ஓரிரு நாளிலேயே கட்டணம் கிடையாது, மாநகராட்சியே பராமரிக்கும் என்று அறிவிப்பு வந்தது.

செயற்கைப் புல்லைப் பராமரிக்கச் செலவாகும், அது உண்மை. ஆனால் வியாசர்பாடி மாதிரி கால்பந்தை மூச்சாகக் கொண்ட பகுதியில் வாரம் ஆறு நாள் ஆடும் பையனுக்கு அது மாதம் மூவாயிரம் ரூபாய் ஆகும். அவன் ஆட்டத்தை விட்டுவிடுவான். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. மக்கள் சத்தமாகச் சொன்னதை மாநகராட்சி காதில் வாங்கிக்கொண்டது.

எங்க அப்பா வீல்சேர்ல இருக்கார். கேட்லயே நுழைய முடியலையே?

பைக் உள்ளே வராமல் இருக்க வளைந்து வளைந்து போகும் கம்பி வைக்கிறார்கள். அது பைக்கோடு சேர்த்து வீல்சேரையும், குழந்தை வண்டியையும் நிறுத்திவிடுகிறது. வழி உண்டு: பக்கத்திலேயே ஒரு மீட்டருக்குக் குறையாத அகலத்தில் தனிக் கதவு, நேரே ஏறாமல் மெல்ல ஏறும் சாய்தளம், கைப்பிடி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொது இடங்களில் இது கட்டாயம். புகாரில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மெரினாவில் 2022 நவம்பரில் மாநகராட்சி 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டது. அலை எப்படிக் காலைத் தொடும் என்று தெரியாமலே வளர்ந்தவர்கள் கடல் பக்கம் போய் நின்று அழுதார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் பாதையின் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். அங்கே கடல்வரை பாதை போட முடிந்தது என்றால், நம் பூங்கா வாயிலின் ஆறு அங்குலப் படியைச் சரிசெய்ய முடியாதா?

ஜோடி ஜோடியா வந்து உக்காந்துக்கறாங்க, ஃபேமிலியா எப்படி வர்றது? தடுக்க மாட்டாங்களா?

இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது குற்றம் அல்ல. அவர்களும் இந்த ஊர்க்காரர்கள். வீட்டில் ஓர் அறையில் ஆறு பேர் இருக்கும் நகரத்தில் புதிதாகக் கல்யாணமானவர்கள்கூடப் பேச வேறு எங்கே போவார்கள்? அவர்களைப் படம் எடுப்பதும் மிரட்டுவதும்தான் தப்பு. அதை யார் செய்தாலும் தடுக்க வேண்டும்.

உண்மையான கவலை பாதுகாப்பு என்றால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஆள் உயரச் சுவருக்குப் பதிலாக இடுப்பளவு சுவர், மேலே கம்பி. தெருவிலிருந்து உள்ளே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். எரியும் விளக்கு, புதராக வளராத செடி, இரண்டு வாயில். அண்ணா நகர் டவர் பூங்காவில் 1968 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரத்தைப் பாதுகாப்புக் காரணத்தால் பல வருஷம் மூடி வைத்திருந்தார்கள். கம்பித் தடுப்புப் போட்டு 2023-இல் திரும்பத் திறந்தார்கள். எனக்கு அந்த வழிதான் சரியென்று படுகிறது.

பார்க்குக்குள்ள பெரிய பள்ளம் தோண்டிட்டாங்க, எதுக்கு?

ஸ்பாஞ்ச் பார்க் என்று சொல்கிறார்கள். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மாநகராட்சி தன் பூங்காக்களில் இப்படிக் குளம் மாதிரிப் பள்ளம் எடுக்கத் தொடங்கியது. சுற்றியுள்ள தெருக்களின் மழைநீர் அங்கே வந்து நின்று மெல்ல மண்ணுக்குள் இறங்கும். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது குறையும், கோடையில் கிணறு வற்றுவதும் குறையும்.

கவனிக்க வேண்டியவை: சாக்கடை நீர் கலக்கக் கூடாது, ஓரச் சரிவு செங்குத்தாக இருக்கக் கூடாது, சுற்றி வேலி வேண்டும், மழைக்கு முன் வண்டல் எடுக்க வேண்டும். இன்னொன்று, பூங்காவின் மற்ற பகுதிகளில் சிமென்ட் கல் பதிப்பதைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தண்ணீர் இறங்கப் பள்ளம் தோண்டிவிட்டு மறுபக்கம் மண்ணை மூடுவதில் அர்த்தம் இல்லை.

புயல் வந்தா விழுந்துடும், முன்னாடியே மரத்தை வெட்டிடலாம்ல?

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. எவை விழுந்தன என்று பாருங்கள். வேர் ஆழமாகப் போகாத வேகவளர்ச்சி மரங்கள், அடியைச் சுற்றி சிமென்ட் போட்டு மூச்சு முட்டிய மரங்கள், கேபிள் புதைக்க ஒரு பக்கம் வேரை அறுத்த மரங்கள். வேம்பும் புங்கமும் பூவரசும் ஓரளவு தாக்குப்பிடித்தன.

மழைக்கு முன் கிளைகளை இரண்டு பக்கமும் சமமாகக் கவாத்து செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் எடை மறுபக்கம் சாய்ந்து மரம் அந்த மறுபக்கமே விழும். அடியோடு வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். காய்ந்த மரம், உள்ளே பொந்து விழுந்த மரம் என்றால் போட்டோவோடு எழுதுங்கள். இலை குப்பையாக விழுகிறது என்பது காரணம் ஆகாது.

நாங்களே ஒரு பார்க்கைத் தத்தெடுக்க முடியுமா?

முடியும். குடியிருப்போர் சங்கமோ நிறுவனமோ மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டுப் பராமரிக்கலாம். நாகேஸ்வர ராவ் பூங்காவை சுந்தரம் பைனான்ஸ் பல காலமாகப் பராமரித்து வருகிறது. அங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மைக் இல்லாமல் குழந்தைகள் பாடும் கச்சேரி நடக்கும். நடக்க வந்தவர்கள் வியர்வையோடு நின்று கேட்பார்கள், கிளி கத்தும், சின்னப் பெண் சுருதி விடாமல் பாடும். அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பேரில் உள்ள பூங்கா அது.

தத்தெடுத்தால் நிலம் உங்களுடையதாகிவிடாது. அபார்ட்மென்ட் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இதற்கும். உறுப்பினர் அட்டை, தனி நேரம், 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' பலகை எதுவும் கூடாது. முதலில் ஒரு வருஷம் ஒரே ஒரு மூலையை எடுத்துச் செய்து பாருங்கள். சங்கத்தில் ஆர்வம் ஜூனில் வற்றும், தண்ணீரும்தான்.

எத்தனை தடவ சொன்னாலும் நடக்கலன்னா என்ன பண்றது? ஆர்.டி.ஐ. போட்டா பகை வராதா?

முதலில் ஏரியா சபைக்குப் போங்கள். 2022 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் வார்டுக்குள் பகுதி பகுதியாக இந்தக் கூட்டம் நடக்கிறது. கவுன்சிலர் இருப்பார், அதிகாரிகள் இருப்பார்கள், சொல்வது பதிவாகும். தேதியை வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். பத்துப் பேராகப் போங்கள், அதில் நாலு பேர் பெண்களாகவும் ஒருவர் பூங்காவை மத்தியானம் பயன்படுத்துபவராகவும் இருக்கட்டும்.

அதிலும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, 30 நாளில் பதில். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணம் கேளுங்கள்: பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், அதில் உள்ள ஆட்கள் எண்ணிக்கை, கடைசியாக ஆய்வு செய்த தேதி, இந்த நிலத்தின் தானப் பத்திரம். பகை வரும் என்று பயப்படாதீர்கள். நான் போட்ட மனு ஒன்றுக்குப் பதில் அனுப்பிய அலுவலரே பிறகு ஒருநாள் பூங்காவுக்கு வந்து, 'மேடம், அந்த வரைபடம் எங்க ஃபைல்லயும் தெளிவா இல்ல, உங்ககிட்ட இருக்கிறத ஒரு ஜெராக்ஸ் தர்றீங்களா?' என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த வரைபடத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் பகுதியுடையது வேண்டுமென்றால் எப்படி வாங்குவது என்று காண்பிக்கிறேன், காலை ஆறு மணிக்கு வாருங்கள்.